மனதைக் களைக்க வைக்கும் பழக்கங்கள்: மொட்டைமாடியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

2022இல் மின்வெட்டு நீண்டுகொண்டே போன மாதங்களில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் இருந்தவர்கள் எல்லாரும் பொழுது சாய்ந்தால் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவோம். உள்ளே ஃபேன் இல்லாமல் இருக்க முடியாது. முதலில் காஸ் எங்கே வந்திருக்கிறது, பெட்ரோல் எந்த ஷெட்டில் என்றுதான் கதைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாக 'எனக்கு ஏன் எந்நேரமும் இப்படிக் களைப்பாக இருக்கிறது' என்ற கதை வந்தது. கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் அந்தக் கூட்டம் நிற்கவில்லை, இப்போது பக்கத்து ஒழுங்கைகளில் இருந்தும் ஆக்கள் வருகிறார்கள்.

நான் டொக்டர் இல்லை, கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். என் மனதை நானே அரித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அதிலிருந்து வெளியே வருவதற்குத் தேடி வாசித்ததும் செய்து பார்த்ததும்தான் என் கையிருப்பு. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே சந்தேகங்களோடு வருவதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை முடிந்தவரை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பழக்கம் என்றால் எதைச் சொல்றீங்க? சிகரெட், குடி மாதிரியா?

இல்லை, அவை வேறு கதை. நான் சொல்வது வெளியே யாருக்கும் தெரியாத சின்னப் பழக்கங்கள். போன வாரம் நடந்த வாக்குவாதத்தை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, யோசிக்க முதலே 'சரி செய்றேன்' என்று சொல்லிவிடுவது, வட்ஸ்அப் சத்தம் கேட்டால் கை தானாகப் போவது, அடுத்த வீட்டுப் பிள்ளையின் ரிசல்ட்டோடு நம்முடைய பிள்ளையை ஒப்பிட்டுப் பார்ப்பது, வீட்டுக்காரர் முகம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப வீட்டில் மூச்சு விடுவது. இப்படியானவை.

இவற்றைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அதைச் செய்து பத்து நிமிடம் கழித்து உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அழுதால்கூடச் சில நேரம் லேசாகிவிடும், ஆனால் இவை முடிந்த பிறகு ஒரு மூட்டை அரிசியை நாலு மாடி தூக்கின மாதிரி இருக்கும், கையில் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

இது என் சுபாவம். சின்ன வயசில இருந்தே நான் இப்படித்தான். சுபாவத்தை எப்படி மாத்துறது?

நானும் அப்படித்தான் நம்பினேன். அப்போது வேலை செய்த இடத்தில் ஒரு மேலதிகாரி ஆக்களுக்கு முன்னால் வைத்துப் பேசுவார், நான் வாய் திறக்க மாட்டேன். பின்னேரம் கோட்டையில் ரயில் ஏறும்போது மனதுக்குள் பதில் சொல்லத் தொடங்குவேன். கொம்பனித்தெரு வரும்போது முதல் தடவை சொல்லி முடித்திருப்பேன், கொள்ளுப்பிட்டி தாண்டும்போது அதையே இன்னும் நல்ல வசனங்களில் சொல்லிக்கொண்டிருப்பேன், வெள்ளவத்தையில் இறங்கும்போது தாடை நோகும், அவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அதே தண்டவாளத்தில் வந்தபோது ஒன்றுமே வரவில்லை. அன்றைக்குத்தான் உறைத்தது. சுபாவம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்க வேண்டுமே.

பழக்கத்துக்கு ஒரு இடமும் ஒரு நேரமும் இருக்கும். வெண்டி வூட் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கு ஒரு தடவை தாங்கள் செய்வதை எழுதிக்கொண்டு வந்தவர்களின் செயல்களில் சுமார் 43 வீதம், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் திரும்பச் செய்யப்பட்டவை என்று கண்டார்கள். அதைச் செய்யும்போது மனம் பெரும்பாலும் வேறெங்கோ இருந்திருக்கிறது. நம்முடைய 'சுபாவத்தில்' எவ்வளவு இப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கும்.

சரி, எங்க இருந்து தொடங்குறது?

ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதுங்கள் மட்டும். சட்டைப்பையில், ஹேண்ட்பேக்கில் போகக்கூடிய சின்னக் கொப்பி போதும். நேரம், இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு எப்படி இருந்தது. எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா, அவரிடம் கேட்டுத்தான் இதைப் போடுகிறேன், எழுதிய வரி இது: 'செவ்வாய், இரவு 9.40, குசினி. சட்டி கழுவினேன். மச்சாள் கலியாண வீட்டில் சொன்னதை நினைத்தேன். படுக்க 12 ஆச்சு.' புதனும் 9.40க்குக் கிட்ட, அதே குசினி. வியாழனும் அப்படித்தான். மச்சாள் அதைச் சொல்லி இரண்டு வருடம்.

அந்த அக்கா மச்சாளை மன்னிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கொப்பியைப் பார்த்த பிறகு முதலில் செய்தது, சட்டி கழுவுகிற வேலையை மகனிடம் கொடுத்துவிட்டு அந்த நேரம் முன் பல்கனியில் துணி மடிக்கத் தொடங்கியது. மன்னிப்பு மெதுவாக வரட்டும், அதற்கு அவசரம் இல்லை.

21 நாள் செய்தால் பழக்கம் மாறிடும் என்று சொல்றாங்களே?

அந்த 21 வந்த வழி வேறு. மாக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், தன்னிடம் வந்தவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது எடுக்கிறது என்று 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் தொலைந்துபோய் எண் மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறது.

லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு புதிய செயல் தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை (12 வாரத்தைத் தாண்டியது அவர்கள் கணக்கிட்டு மதிப்பிட்டது). அதுவும் தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, கொஞ்சம் ஓடுவது மாதிரியான விஷயங்களுக்கு. அதனால் 22ஆம் நாள் 'என்னால் முடியாது' என்று கொப்பியை எறிய வேண்டாம். ஒரு நாள் விடுபட்டதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது, இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

நினைக்கக்கூடாது என்று இருந்தால் கூடத்தான் வருது. என்ன செய்ய?

வரும், அது உங்கள் பிழை இல்லை. டானியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட பரிசோதனையில் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று சொன்னார்கள். நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்று விட்டபோது, முதலிலேயே நினைக்க அனுமதித்தவர்களை விட இவர்கள்தான் கூடுதலாக நினைத்தார்கள். மனதுக்குள் ஒரு காவலாளியை நிறுத்தினால் அவன் தேடிக்கொண்டே இருப்பான் இல்லையா.

தடுப்பதற்குப் பதிலாகத் தவணை கொடுங்கள். தோமஸ் போர்கோவெக் குழுவினர் 1983இல் சொன்ன முறை இது: கவலைக்கென்று ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணித்தியாலம். மற்ற நேரத்தில் வந்தால் 'ஆறரைக்கு வா' என்று தள்ளிப் போடுவது. எனக்கு அது பல்கனிக் கதிரை, 6.30. படுக்கை அறையில் வேண்டாம், படுக்கப் போகிற நேரத்திலும் வேண்டாம். முதல் வாரம் செயற்கையாக இருக்கும். நாலைந்து நாளில் ஒரு விசித்திரம் நடக்கும், ஆறரைக்கு உட்கார்ந்தால் காலையில் நெஞ்சை அடைத்த விஷயத்தில் பாதி வரவே வராது.

அப்ப யோசிக்கவே வேணாமா? பிரச்சினை வந்தால் யோசிக்கத்தானே வேணும்?

யோசிக்க வேண்டும். ஆனால் யோசிப்பதும் அசைபோடுவதும் ஒன்றில்லை. சூசன் நோலன் ஹோக்சிமா என்ற ஆய்வாளர் ஸ்டான்ஃபர்ட் மாணவர்களிடம் அவர்களுடைய மனநிலையைப் பற்றிக் கேட்டு எழுதி வைத்திருந்தார். 14 நாள் கழித்து, 1989 ஒக்டோபரில் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது. அவர் திரும்பப் போய்ப் பார்த்தார். மனச்சோர்வை அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்கள் 10 நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் மற்றவர்களை விடக் கூடுதலாகச் சோர்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஆடியது ஒரே நிலம்தான்.

எது எது என்று பிரிக்க நான் பார்ப்பது கேள்வியின் முதல் சொல்லை. 'ஏன்' என்று தொடங்கினால், ஏன் எனக்கு மட்டும், அவள் ஏன் அப்படிச் சொன்னாள், அது வட்டம் சுற்றும். 'நாளைக்கு என்ன' என்று தொடங்கினால் எங்காவது போய் முடியும். கால் மணித்தியாலம் யோசித்தும் செய்ய ஒரு வேலைகூடக் கிடைக்கவில்லை என்றால் எழும்பிவிடுங்கள்.

ஃபோனை எறியச் சொல்லாதீங்க, வேலையும் அதிலதான், சொந்தபந்தமும் அதிலதான்.

சொல்லமாட்டேன். இந்த நகரத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தது ஒரு காலத்தில் அவசியம். 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்த அன்று பிள்ளை எங்கே என்று தேடியதும், 2022இல் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று பார்த்ததும் அதில்தான். தேவை போய்விட்டது, கை மட்டும் அப்படியே போகிறது. அதனால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சார்ஜரை ஹோலுக்கு மாற்றுங்கள், இதுவரை எங்கள் கூட்டத்தில் அதிகம் பேருக்கு வேலை செய்தது இது ஒன்றுதான். 'இரவில் ஊரில் இருந்து அவசரமாக எடுத்தால்?' என்று எல்லாரும் கேட்பார்கள். தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பைப் போட்டாலும் குறிப்பிட்ட நம்பர்கள் மட்டும் ஒலிக்கவும், ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தடவை எடுத்தால் ஒலிக்கவும் விடலாம். குரூப்களை மியூட் பண்ணினால் யாருக்கும் தெரியாது. காலையில் பல் தீட்டி ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் வரை தொடாமல் இருந்து பாருங்கள்.

கனடாவில இருக்கிற தங்கச்சி ஒவ்வொரு இரவும் எடுப்பா. அம்மாவைப் பற்றி, அண்ணியைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம். வைச்ச பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடாது. ஆனால் எடுக்காமல் இருக்க ஏலுமா?

இந்தக் கேள்வி கேட்காத வீடு இல்லை. டொரோண்டோவில் அவ காலையில் வேலைக்குப் போகிற வழியில் எடுக்கிறா, அவவுக்கு அது நாளின் தொடக்கம். உங்களுக்கு இரவு ஏழு, எட்டு, நாள் முழுக்க ஓடிக் களைத்த நேரம். ஒரே கோல், ஆனால் ஒருத்தர் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார், மற்றவர் அதோடு படுக்கிறார்.

அமண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002இல் சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் இதைப் பார்த்தார். ஒரே பிரச்சினையை இரண்டு பேர் சேர்ந்து திரும்பத் திரும்பக் கதைக்கும்போது நட்பு நெருக்கமாக இருக்கிறது, சோர்வும் பதற்றமும்கூடச் சேர்ந்தே காணப்படுகிறது. பெரியவர்களுக்கும் அப்படித்தான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். அதனால்தான் விடக் கஷ்டம். உங்களுக்கு வேண்டியது தங்கச்சி, பிடிக்காதது அந்தக் கதை, இரண்டும் ஒரே கோலில் வருகிறது.

கோலை வெட்ட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். ஞாயிறு காலையில் எடுக்கச் சொல்லுங்கள், அங்கே சனி இரவு. எடுத்தவுடன் 'இன்றைக்கு என்ன சமைச்சாய், பிள்ளையின் பல்லு விழுந்ததா' என்று முதல் பத்து நிமிடத்தை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மா கதை வந்தால் மேலே சொன்ன 'நாளைக்கு என்ன' கேள்வியைக் கேளுங்கள்: அம்மாவை கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது? சில வாரங்களில் கோல் தானாகச் சுருங்கிவிடும்.

'இல்லை' என்று சொல்ல வாயே வராது. சொன்னால் ஆக்கள் என்ன நினைப்பாங்க?

வெள்ளவத்தையில் ஒரு வீடு இருந்தால் அது பாதி லொட்ஜ் என்று எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்து விசாவுக்கு, மட்டக்களப்பில் இருந்து கண் ஒப்பரேஷனுக்கு, வெளிநாட்டில் இருந்து வந்து ஃபிளைட் ஏற முதல் இரண்டு நாள். எனக்குச் சொந்தக்காரர் வருவது விருப்பம், கூடவே பனங்கட்டியும் ஒடியலும் வரும், வீடு கலகலப்பாக இருக்கும். ஆனால் அம்மாவின் பெரியம்மா மகன் குடும்பம் ஒன்பது நாள் நின்று, பிள்ளையின் சோதனை நேரத்தில் ஹோலில் பாய் போட்டுப் படுத்தபோது நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், குசினிக்குள் போய் அழுதேன். அவர்கள் மேல் பிழை இல்லை. ஃபோனில் 'வரலாமா' என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டு முடிக்க முதல் 'ஐயோ தாராளமாக' என்று சொன்னது நான்.

'இல்லை' என்ற சொல்லோடு தொடங்க வேண்டாம், அது எங்களுக்குப் பழக்கமே இல்லாத சொல். 'வீட்டில் கேட்டுட்டு இரவு சொல்றேனே' என்பதில் இருந்து தொடங்குங்கள். அந்த அரை நாள்தான் உங்களுக்குத் தேவை. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியது இதற்கு நன்றாகப் பொருந்தும்: 'இனிமேல் உறுதியாக இருப்பேன்' என்று நினைப்பதை விட, 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தவர்கள் நினைத்ததைச் செய்து முடிக்க வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டு முடிவு: யாராவது வரக் கேட்டால், இரண்டு இரவு சந்தோஷமாக, அதற்கு மேல் என்றால் பக்கத்து லொட்ஜ் நம்பரை நானே எடுத்துக் கொடுப்பேன். இதை முதல் கோலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் கோபித்தார். மற்ற எல்லாரும் 'சரி, அது போதும்' என்றார்கள்.

பொறுத்துப் போறதும் அனுசரிச்சுப் போறதும் நல்ல குணம்தானே. இது சுயநலமா இல்லையா?

நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். நம்மைக் களைக்க வைக்கிற பழக்கங்களில் பாதிக்கு மேல் நல்ல பெயரோடு வருகின்றன. கவலைப்படுவதற்குப் பாசம் என்று பெயர், மறுக்கத் தெரியாததற்குப் பெரிய மனசு, கோபத்தை விழுங்குவதற்குப் பொறுமை. அந்தப் பெயர்களால்தான் கை வைக்கப் பயப்படுகிறோம், பழக்கத்தைத் தொட்டால் பாசமும் போய்விடும் என்று.

போகாது. விருந்தினருக்கு இரண்டு இரவு என்று வைத்த பிறகுதான் நான் அவர்களோடு உட்கார்ந்து கதைக்கிறேன், முன்பு சமைத்துக்கொண்டும் மணி பார்த்துக்கொண்டும் இருந்தேன். மகன் வர இரவு பிந்தினால் நாலு தடவை கோல் எடுப்பதில் அவனுக்கு என் பாசம் தெரியவில்லை, என் பயம்தான் தெரிந்திருக்கிறது, அவனே சொன்னான். இப்போது சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, புறப்படும்போது ஒரு மெசேஜ் போடச் சொல்லியிருக்கிறேன்.

நான் மாறிட்டேன், வீட்டுக்காரர் மாறுறார் இல்லையே?

அவருக்குக் கொப்பி வாங்கிக் கொடுக்காதீர்கள். அவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். அவரைத் திருத்துவதே உங்களுடைய அடுத்த களைக்க வைக்கும் பழக்கமாகிவிடும், எங்கள் கூட்டத்திலேயே இரண்டு பேருக்கு ஆகியிருக்கிறது.

கோயிலுக்குப் போறேன், செபமாலை சொல்றேன். இது போதாதா?

அது பெரிய உதவி, விடாதீர்கள். லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இலத்தீனில் செபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு மெதுவாகி, இதயத் துடிப்பின் ஒழுங்கும் மேம்பட்டது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவரும் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போகிறவரும் திரும்பும்போது முகம் தெளிவாக இருப்பதற்கு மூச்சும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் வாய் தேவாரம் சொல்ல மனம் மச்சாளோடு சண்டை பிடித்தால் அது அசைபோடுவதுதான். அப்படியானால் மெதுவாக, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு மாதம் நல்லாப் போச்சு. ஒரு செத்த வீட்டுக்கு ஊருக்குப் போய் வந்தேன், எல்லாம் பழையபடி. அவ்வளவும் வீணா?

வீண் இல்லை. பழைய பழக்கம் அழிவதில்லை, அதற்கு மேல் புதியது வளர்கிறது. பழைய இடம், பழைய ஆக்கள், பழைய நித்திரை இல்லாத இரவுகள் வந்தால் அடியில் கிடந்தது மேலே வரும். 66 நாள் பதிலில் ஒரு நாள் விடுபட்டதைப் பற்றிச் சொன்னேனே, அதை எடுத்துப் பாருங்கள். நீங்கள் விட்டது எட்டு நாள், எட்டுச் செலவு வரை. வீட்டுக்கு வந்து சூட்கேஸைப் பிரித்த அன்றைக்கே கொப்பியை எடுங்கள், தொடக்கத்தில் இருந்து இல்லை, விட்ட பக்கத்தில் இருந்து.

இது பழக்கமா, இல்லை எனக்கு ஏதும் வருத்தமா என்று எப்படித் தெரியும்?

தைரொயிட், இரத்தச்சோகை இரண்டும் இதே களைப்பைத் தரும், முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் விருப்பமில்லாமல், நித்திரையோ பசியோ குழம்பி இருந்தால் கொப்பி போதாது, டொக்டரிடம் போங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் பார்க்கக்கூடாது, உடனே 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் இருக்கும். அந்த நிறுவனம் இருக்கிற ஊரின் பெயரைச் சொல்லி 'அங்கொடை' என்று கேலி செய்கிறவர்களுக்காக உதவி கேட்காமல் இருக்காதீர்கள்.

பழக்கமே இல்லாத களைப்பும் உண்டு. சம்பளம் மாதம் முடியும் வரை போதாமல் இருப்பது பழக்கம் இல்லை. வீட்டில் அடி விழுவது பழக்கம் இல்லை, பெண்கள் அதற்கு 1938க்கு எடுக்கலாம். 83 ஜூலைக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த ஒரு ஐயா இரவில் மூன்று தடவை கதவுப் பூட்டைப் பார்ப்பார். அவரிடம் நான் கொப்பி நீட்டவில்லை. அப்படியான காயத்தோடு இருப்பதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் தேவை.

விட்டாச்சு. ஆனால் இப்ப அந்த நேரம் வெறுமையா இருக்கு, பயமாவும் இருக்கு. இது சரியா?

சரிதான், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்த மேலதிகாரியோடு மனதுக்குள் சண்டை பிடிப்பதை நிறுத்திய முதல் வாரங்களில் கோட்டையில் இருந்து வெள்ளவத்தை வரை எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வருடக் கணக்காக அந்தச் சண்டைதான் எனக்குத் துணையாக வந்திருக்கிறது. உடனே வேறொன்றைப் போட்டு அடைக்க வேண்டாம், அவசரத்தில் கைக்கு வருவது ஃபோன்தான்.

சட்டி கழுவுவதை விட்ட அக்கா துணி மடித்து முடித்தும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாவாம், இரண்டு மூன்று வாரம். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த தையல் மெஷினை இழுத்து எண்ணெய் விட்டிருக்கிறா. போன சனிக்கிழமை வரும்போது பேத்திக்குத் தைத்த சட்டை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினா. கை ஓரம் கொஞ்சம் கோணல், பிரித்துத் தைக்கப் போறேன் என்றா.